ஒரு ஆள் போதுமா?

பெரியவர் மேஜையைத் தட்டிவிட்டு எழுந்து போனாரே, அதற்கப்புறம் நான்கு நாட்கள் ஓடிவிட்டன. அந்தத் தட்டல் இன்னும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலம் அளப்பதுதான் இந்தக் குடும்பத்தின் பிழைப்பு. பெரியவர் முதலாளி. அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் பதினெட்டு வருடமாகச் சேர்ந்தே அளக்கப் போகிறவர்கள். தம்பி, முக்காலி மேல் நிற்கும் கருவிக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அவள் பிரிசம் என்கிற கண்ணாடி மாட்டிய கம்பைத் தூக்கிக்கொண்டு சுவர், சாக்கடை, மேடு, பள்ளம் என்று ஒவ்வொரு இடமாகப் போய் ஊன்றுவாள். அவர் பார்த்து, அளவைத் தன் கையிலிருக்கும் பெட்டியில் பதிந்துகொண்டு கையை ஆட்டினால்தான் அவள் அடுத்த இடத்துக்கு நகரலாம்.

அந்தப் பெட்டியில் ஓடிய பழைய மென்பொருளைச் செய்தவர்கள், இனி எங்களால் ஆகாது என்று கையை விரித்துவிட்டார்கள். புதியது வந்தது. புதிய பெட்டியைக் கம்பிலேயே மாட்டிக்கொள்ளலாம். கம்பு போகிற பக்கமெல்லாம் கருவி தானே திரும்பிப் பார்த்துக்கொள்ளும். அதாவது கம்பு பிடிக்க ஒரு ஆள் இருந்தால் போதும், கருவிக்குப் பின்னால் ஆளே வேண்டாம்.

மிச்சமாவது யார் என்று தெரிந்த பிறகுதான் அன்றைக்கு அவ்வளவு சத்தம். கடைசியில் பெரியவர் ஒரு தீர்ப்பு சொன்னார். வெள்ளிக்கிழமை ஒரு வேலையை அவள் ஒருத்தியாகவே புதிய மென்பொருளில் செய்து பார்க்கட்டும். ஒழுங்காக வந்தால் திங்கட்கிழமையிலிருந்து தம்பிக்கு ஆபீசில் நாற்காலி. வராவிட்டால் ஆறு மாதத்துக்கு இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை.

காலையில் எழுந்ததிலிருந்து அவள் கணவர் வாயைத் திறக்கவில்லை. கோபத்தில் பேசாமல் இருப்பவர்களைச் சமாளித்துவிடலாம். இவர் அப்படியில்லை. பேச ஒன்றும் இல்லாதவர் மாதிரி, சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். அவள் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களை மூடிப் பையில் வைத்தாள். தண்ணீர் பாட்டில்களை நிரப்பினாள். வலது முழங்காலில் களிம்பைத் தேய்த்து, அதன்மேல் பட்டையைச் சுற்றிக்கொண்டாள். இதெல்லாம் யார் கண்ணிலும் படாமல்தான்.

நாற்காலி என்றால் அவருக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு முதுகு பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஆபீசில் உட்கார்ந்தார். அந்த ஒரு மாதமும் ஜன்னலுக்கு வெளியே போகிற வண்டிகளுக்கெல்லாம் தூரம் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது மீட்டர், முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. ஆளே பாதியாகிப் போனார். மறுபடி அந்த நாற்காலியில் அவரைப் பார்க்க அவளுக்கு மனசே இல்லை. ஆனால் வேலையை வேண்டுமென்றே கெடுக்கவும் கை வராது. நான்கு நாட்களாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் தூங்கி எழுந்துகொண்டிருந்தாள்.

வேலை ஒரு நீளமான சந்தில். நானூறு மீட்டர், இரண்டு பக்கமும் வீடுகளின் பின்சுவர்கள். மழை பெய்தால் தண்ணீர் நின்றுவிடுகிறது என்று குழாய் பதிக்கப் போகிறார்கள். திங்கட்கிழமை பள்ளம் தோண்டும் வண்டி வருகிறது. தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று இன்று மாலை நான்கு மணிக்குள் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். பிசகினால் தண்ணீர் குழாயில் போகாது, வீட்டுக்குள் போகும்.

ஆபீசில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பது பெரியவரின் மகள். புதிய மென்பொருளைக் கொண்டுவந்ததே அவள்தான். படித்த பெண், கெட்ட பெண்ணும் இல்லை. ஆனால் காலையிலேயே போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சித்தப்பா முக்காலியை நிறுத்திக் கொடுக்கலாம், வண்டி கிண்டி இடிக்காமல் காவல் இருக்கலாம், மற்றபடி எதிலும் கை வைக்கக் கூடாது.

அவர் சந்தின் நடுவில் முக்காலியை விரித்தார். மூன்று காலையும் மிதித்து இறக்கி, மட்டம் காட்டும் குமிழியைப் பார்த்து, கருவியைப் பூட்டினார். பிறகு இரண்டு அடி பின்னால் தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காய்கறி வாங்கிக்கொண்டு போன ஒரு பெரியம்மா, என்னப்பா சும்மா நிற்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

முதல் அரை மணி நேரம் அந்தப் பெட்டி அவளைப் படாத பாடு படுத்தியது. வெயிலில் திரை தெரியவில்லை. வியர்த்த விரலுக்கு அது மசியவில்லை. பழைய பெட்டியில் ஒன்று என்றால் சுவர், இரண்டு என்றால் மரம், அவள் கத்துவாள், அவர் அமுக்குவார். இதில் சின்னச் சின்னப் படங்களாக வரிசை கட்டி நின்றன, சாக்கடை மூடியைத் தேடினால் விளக்குக் கம்பம் கையில் சிக்கியது. தொப்பியைக் கழற்றித் திரைக்கு நிழல் பிடித்தாள். தலை காய்ந்தது.

அப்புறம் கைக்கு வந்துவிட்டது. கம்பை ஊன்றினால் கருவி அங்கிருந்து விருட்டென்று திரும்பிப் பார்க்கும். பெட்டி ஒரு கூவு கூவும். அளவு விழுந்துவிடும். யாருடைய கையசைப்புக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த இடத்துக்குப் போகலாம். பத்தரை மணி வாக்கில் அவள் தன்னை அறியாமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். நிஜத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் நின்ற பக்கம் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

சந்தில் வேன்களும் தண்ணீர் வண்டியும் அங்கங்கே நின்றன. மறைத்த இடத்தில் அவள் கம்பின் பிடியைத் தளர்த்தி உயரத்தைக் கூட்டுவாள், பிரிசம் வண்டிக்கு மேலே எட்டிப் பார்க்கும். கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினால் இரண்டு மீட்டர். தோளைத் தொட்டால் ஒன்று எண்பது. இறக்கிவிட்டு வயிற்றில் தட்டினால் பழையபடி ஒன்று அறுபது. இது அவர்கள் இருவருக்குமான பாஷை. அவள் காட்டுவாள், சரி என்று அவர் அங்கிருந்து கையைத் தூக்குவார், உயரத்தைப் பெட்டியில் மாற்றிக்கொள்வார். தூரத்தில் கத்தித் தொண்டை போனதால் கல்யாணமான புதிதில் உண்டாக்கிக்கொண்டது.

இன்றும் அவள் கையைத் தூக்கினாள். அவரும் கையைத் தூக்கினார். அவள் அளவை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தாள்.

ஒரு மணிக்கு முன்பே நூற்று நாற்பது இடங்களும் முடிந்து, அளவுகள் பெட்டியிலிருந்தே ஆபீசுக்குப் போய்விட்டன. இரண்டு பேரும் செய்திருந்தால் மூன்று மணி ஆகியிருக்கும். சுவர் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கப் போகும்போது போன் அடித்தது.

"சித்தி, அந்தச் சந்து என்ன மலை ஏறுதா?" என்றாள் ஆபீசில் இருந்தவள். முதலில் சிரிப்பாகத்தான் கேட்டாள். அங்கங்கே தரை திடீரென்று நாற்பது சென்டிமீட்டர் தூக்குகிறது, சில இடத்தில் இருபது, அப்புறம் இறங்கிவிடுகிறது. கொஞ்சம் நிஜமான படிக்கட்டாகவும் மேடையாகவும் இருக்கலாம், எது நிஜம் எது இல்லை என்று இங்கிருந்து தெரியவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கம்பை ஏத்தும்போது உயரத்தை மாத்தினீங்கதானே?"

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். திரையின் ஓரத்தில், நகத்தளவு இடத்தில், 1.600 என்று இருந்தது. காலையில் போட்டது. அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

கம்பை ஏற்றிய உயரமெல்லாம் தரையின் உயரமாகப் பதிவாகியிருக்கிறது. கையைத் தூக்கியாகிவிட்டது, அவரும் கையைத் தூக்கிவிட்டார், அதோடு உயரம் மாறிவிட்டது என்று உடம்பு நம்பிவிட்டது. அந்த எண்ணை மாற்ற வேண்டிய விரல் இப்போது அவளுடையது என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. பதினெட்டு வருடம் ஒரே மாதிரி வேலை செய்தவர்களால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

எந்தெந்த இடத்தில் ஏற்றினீர்கள் என்று ஆபீஸ்காரி கேட்டாள். ஞாபகம் இருந்தால் தானே? நாலைந்து நினைவுக்கு வந்தன, அவையும் நிச்சயமில்லை. வேன்கள் பாதி கிளம்பிப் போய்விட்டன. முதலிலிருந்து மறுபடி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். "அப்படியா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கம்பைத் தூக்கினாள். மனசின் ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வேலை சொதப்பிவிட்டது, இனி ஆறு மாதத்துக்கு நாற்காலிப் பேச்சு இல்லை, அவர் பிழைத்தார். கெட்ட பெயர் தனக்கு, போகட்டும். ஆனால் உடம்பு அந்த நிம்மதியில் பங்கு கேட்கவில்லை. கால் பாறையாகக் கனத்தது. சந்தின் அந்தக் கோடிக்குப் போய் முதல் இடத்திலிருந்து ஆரம்பித்தாள். ஊன்றினாள், நிமிர்த்தினாள், அமுக்கினாள், நடந்தாள். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்டது. எட்டாவது இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தாவதில் வாய்விட்டு முனகினாள், யாரும் இல்லை என்று நினைத்துத்தான். பன்னிரண்டாவதில் கம்பை ஊன்றிவிட்டு அதன் மேலேயே நெற்றியைச் சாய்த்தாள்.

நிமிர்ந்தபோது அவர் வந்துகொண்டிருந்தார்.

கருவியைத் தனியாக விட்டுவிட்டு அவர் வந்து அவள் பார்த்ததே இல்லை. மழை கொட்டினால்கூடத் தன் சட்டையைக் கழற்றி அதன் மேல் போடுவாரே தவிர இடத்தை விட்டு நகர மாட்டார். கிட்டே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். குறிப்பு நோட்டிலிருந்து கிழித்தது. அவருடைய கட்டம் போட்ட மாதிரியான கையெழுத்து. 9.42, இரண்டு. 9.55, ஒன்று எண்பது. 10.08, இரண்டு. வரிசையாக இறங்கியது. மொத்தம் பத்தொன்பது வரி.

"பொட்டியில ஒவ்வொரு அளவுக்கும் நேரம் இருக்கும். இதோட ஒத்துப் பாத்து உயரத்தை மாத்திடலாம்" என்றார். "திரும்ப நடக்க வேணாம்."

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. உட்கார்ந்துவிடலாம் என்ற சந்தோஷம். தாளை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு மறுபடி மேலே போனாள். 9.42. சாப்பிட உட்கார்ந்தபோது எழுதியது இல்லை இது. நடக்க நடக்க எழுதியது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். முதல் இரண்டு தடவை தெரியாது என்றார். சத்தியமாக அவருக்கும் அது பழக்கத்தில் தூக்கிய கைதான், அதனால்தான் அந்த இரண்டும் தாளில் இல்லை. மூன்றாவது தடவை கையை இறக்கும்போதுதான், நான் எதை மாற்றினேன் என்று தோன்றியது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். அப்புறம் நாற்காலி ஞாபகம் வந்தது.

"சொல்லாம இருக்க முடிஞ்சுது. எழுதாம இருக்க முடியல" என்றார்.

அவள் தாளை மடித்தாள். ரொம்ப நேரம் மடித்துக்கொண்டே இருந்தாள்.

"பத்தொன்பது தடவை என்னைப் பாத்து கையைத் தூக்கினீங்க" என்றாள். கத்தவில்லை. கத்த வலுவில்லை. அவர் என்னவோ சொல்ல வந்தார், அவள் கேட்கவில்லை. இங்கே ஆபீஸ் இல்லை, பெரியவர் இல்லை, புதிய மென்பொருள் இல்லை. கம்பைப் பிடித்தவள் அவள், பார்த்தவர் அவர். அவர் பார்க்கிறார் என்ற தைரியத்தில்தான் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில், சாக்கடை விளிம்பில், இடிந்த சுவர் மேல் எல்லாம் பதினெட்டு வருடம் போய் நின்றாள்.

சுவர் நிழலில் உட்கார்ந்து தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினாள். தாளில் இல்லாத அந்த இரண்டில் ஒன்று தண்ணீர் வண்டிக்குப் பின்னால் என்று அவளுக்கே ஞாபகம் இருந்தது. இன்னொன்று எது என்று ஆபீஸ்காரி மிச்சமிருந்த மலைகளை எண்ணிப் பார்த்துச் சொன்னாள். அந்த இரண்டை மட்டும் போய் எடுத்தாள். மூன்றே முக்காலுக்கு ஆபீசிலிருந்து செய்தி வந்தது, தரை இப்போது தரை மாதிரி இருக்கிறது என்று. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் கேட்டிருந்தாள். அதற்கு அவள் பதில் போடவில்லை.

கருவியைக் கழற்றி அதன் உறைக்குள் வைத்து, முக்காலியை மடக்கி வேனில் ஏற்றினார்கள். அவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில். சரியாக நான்கு மணிக்குப் பெரியவர் கூப்பிட்டார். சொன்ன நேரம் தப்பாத மனிதர். அவள் போனைச் சத்தமாக வைத்தாள், அவரும் கேட்கட்டும் என்று.

அளவெல்லாம் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது, நடுவில் என்னவோ குழப்பம் என்று பொண்ணு சொன்னாளே என்றார் பெரியவர். உயரத்தை மாற்ற விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது, சரி பண்ணியாகிவிட்டது என்றாள் அவள். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இறுகியது. தாள் அவள் மடியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் முகத்தில் தம்பி இனி விழிக்க முடியாது. அவள் சொல்லவில்லை.

"சரிம்மா. வளவளன்னு வேணாம், ஒண்ணு சொல்லு" என்றார் பெரியவர். "ஒரு ஆள் போதுமா, போதாதா?"

"போதும் அத்தான்."

பக்கத்தில் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை இரண்டையும்.

"ஆனா அந்த ஆள் நான் இல்ல" என்றாள் அவள். "கம்பை அவர்கிட்ட குடுங்க. நடந்து நடந்து எனக்குக் கால் போச்சு அத்தான். நான் வரல."

பெரியவர் இதை எதிர்பார்க்கவில்லை, யார்தான் எதிர்பார்த்தார்கள். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்படியானால் ஆபீசுக்கு நீ வருகிறாயா என்று கேட்டார். அதுவும் வேண்டாம், கொஞ்ச நாள் எதுவும் வேண்டாம் என்றாள். பெரியவர் அதற்கு மேல் அவளைத் துருவவில்லை. ஆனால் தம்பியைப் பற்றி ஒரு சந்தேகம் அவருக்கு இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. கருவிக்குப் பின்னாலேயே நின்று பழகியவன், கூலிக்காரன் மாதிரி கம்பைத் தூக்கிக்கொண்டு சாக்கடை சாக்கடையாக அலைய ஒத்துக்கொள்வானா? நாளை காலை ஏழு மணிக்குள் அவனே எனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெளியாள் ஒருவனைப் போட்டுவிடுவேன் என்றார். போன் அணைந்தது.

வேன் கிளம்பவில்லை. சாவி அதனிடத்தில்தான் இருந்தது. தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் வண்டியைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் அவர். "பதினெட்டு வருஷம் ஒண்ணா வந்தோம். வரலன்னு இப்படிப் போன்ல சொல்றே. ஒரே ஒரு வார்த்தை எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது, தோளிலிருந்து கால்வரை.

"நீங்களும் சொல்லியிருக்கலாம்" என்றாள்.